பிடித்த புகையை எங்கே கொட்டுவது?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் ஏறக்குறைய முழுமையாக வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



போன கூட்டத்தில் நம் மொட்டை மாடியில் சோலார் தகடு போடுவது பற்றிப் பேச்சு வந்தபோது, பி பிளாக் நண்பர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சார், இப்போதெல்லாம் கரண்ட் ஆலைப் புகையையே பிடித்துப் பூமிக்குள் புதைத்துவிடுகிறார்களாமே. அது வந்துவிட்டால் நிலக்கரியும் சுத்தமாகிவிடும். பிறகு நாம் எதற்கு லட்சக்கணக்கில் செலவு செய்து தகடு போட வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. அன்றைக்கு நேரம் இல்லாததால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நண்பர் சொன்னது கட்டுக்கதை இல்லை. புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து எடுக்க முடியும். நம் தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் பிடிப்பது ஒரு வேலை, பிடித்ததைப் போட்டு வைப்பது வேறொரு வேலை. நம் செப்டிக் டேங்க் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்து உறிஞ்சிவிட்டால் நமக்கு நிம்மதி. ஆனால் அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது? ஊருக்கே தொல்லை தரும் கேள்வி அதுதான். கரியமில வாயு விஷயத்திலும் அதே கேள்விதான் நிற்கிறது.

நம் கரண்ட் எங்கிருந்து வருகிறது

மொரப்பூர், பொம்மிடி பக்கம் ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்கள் நிலக்கரி ஏற்றிப் போகும் நீண்ட சரக்கு ரயிலைப் பார்த்திருப்பீர்கள். ஒடிசாவில் வெட்டிய கரி, பாராதீப் துறைமுகத்தில் கப்பல் ஏறி, எண்ணூரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேட்டூர் அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. மேட்டூரில் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் இருக்கின்றன. மொத்தம் 1,440 மெகாவாட்.

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் கரி எரிகிறது. வெளியே வரும் கரியமில வாயுவோ சுமார் ஒரு கிலோ. "போட்டது முக்கால் கிலோ, வந்தது ஒரு கிலோ, எப்படி சார்?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். கரியில் உள்ள கார்பன் 12 பங்கு என்றால், காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்காக வெளியேறுகிறது. அதனால்தான் எடை கூடுகிறது. இந்த எளிய கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதைக்க வேண்டிய பொருள் நாம் வெட்டி எடுத்த பொருளைவிடக் கனமானது.

மேட்டூர் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் சுமார் 3 கோடியே 45 லட்சம் யூனிட் கிடைக்கும். அன்றைக்கு வெளியேறும் வாயு ஏறத்தாழ 34,500 டன். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. 2024-25 நிதியாண்டில் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்திருக்கிறது. கரியையும் எரிக்க வேண்டும், வாக்கையும் காப்பாற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 'கரியைப் பிடித்துப் புதைக்கும்' யோசனை வந்து உட்காருகிறது.

பிடிப்பது எப்படி

புகைபோக்கி வழியே போகும் புகையில் பெரும்பகுதி நைட்ரஜன். கரியமில வாயு நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பங்குதான் இருக்கும். முதல் வேலை அதை மட்டும் தனியே பிரிப்பது. அமீன் என்ற ஒரு வகைக் கரைசல் இருக்கிறது. புகையை ஓரளவு குளிர வைத்து இந்தக் கரைசல் வழியே அனுப்பினால், கரியமில வாயு கரைசலில் ஒட்டிக்கொள்ளும், மற்ற வாயுக்கள் போய்விடும். பிறகு கரைசலை 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் ஒட்டிய வாயு பிரிந்து வெளியே வரும். கரைசலை மறுபடி பயன்படுத்தலாம். ஈரத்தைத் துணியால் துடைத்து, துணியைப் பிழிந்து, மறுபடி துடைப்பது போலத்தான்.

பிழிகிற இடத்தில்தான் செலவு. அந்தச் சூடு எங்கிருந்து வரும்? டர்பைனைச் சுற்ற வேண்டிய நீராவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிரித்த வாயுவை அழுத்தவும் மின்சாரம் வேண்டும். இதற்கெல்லாம் ஒரு மின் நிலையம் தன் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குக்கு மேலும் இழக்கும். நூறு யூனிட் தந்த நிலையம் எழுபத்தைந்து, எண்பதுதான் தரும். குறைந்ததை ஈடுகட்ட இன்னும் கரி எரிக்க வேண்டும். குளிர்விக்கத் தண்ணீரும் கணிசமாகக் கூடுதலாக வேண்டும். ஒகேனக்கல் தண்ணீரை நம்பியிருக்கும் நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் நிலையம் குடிப்பதும் அதே காவிரியைத்தான்.

தூத்துக்குடியில் நடந்தது

இனி நம் மாநிலத்தில் நடந்த உண்மைக் கதைக்கு வருகிறேன். ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த அனிருத்த சர்மா, பிரதீக் பும்ப் என்ற இரண்டு இளைஞர்கள் 2009-இல் கார்பன் கிளீன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சாதாரண அமீனைவிடக் குறைந்த சூட்டில் வேலை செய்யும், இயந்திரத்தைக் குறைவாக அரிக்கும் ஒரு கரைசலை உருவாக்கினார்கள். 2016-இல் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையின் நிலக்கரிக் கொதிகலனில் அதைப் பொருத்தினார்கள். ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் திறன். ஒரு டன்னுக்குச் சுமார் 30 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,000 ரூபாய்தான் செலவு என்றார்கள். அரசு மானியம் இல்லாமல் நடந்ததால் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நமக்குப் பெருமைதான்.

மானியம் இல்லாமல் எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த ஆலைக்குக் கரியமில வாயு ஒரு மூலப்பொருள். உப்பு, அம்மோனியா, கரியமில வாயு, தண்ணீர் நான்கும் சேர்ந்தால் சோடா கிடைக்கும். சலவைக்கும் கண்ணாடி தயாரிப்புக்கும் போகும் சோடா அது. வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டிய வாயுவைத் தன் சொந்தப் புகைபோக்கியிலிருந்தே எடுத்தால் லாபம். அதனால் ஓடியது.

ஆனால் நண்பர்களே, இங்கே எதுவும் புதைக்கப்படவில்லை. சோடாவாக மாறிய வாயு கண்ணாடி உலையில் மறுபடி வெளியேறிவிடும். ஆப்ப சோடா போட்டால் மாவு ஏன் பொங்குகிறது? அதே வாயு வெளியே வருவதால்தான். கொஞ்ச காலம் கைமாற்றாக வாங்கி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது போல இது. இன்னொன்று, 60,000 டன் என்பது மேட்டூர் முழு வேகத்தில் ஓடினால் இரண்டே நாளில் விடும் வாயுவைவிடக் குறைவு. நாட்டில் எத்தனை சோடா ஆலை வைத்தாலும் மேட்டூர் ஒன்றின் புகையையே வாங்கித் தீராது.

மத்தியப் பிரதேசத்தில் விந்தியாசல் என்ற பெரிய அனல் மின் நிலையம் இருக்கிறது. 4,760 மெகாவாட். தேசிய அனல் மின் கழகம் அங்கே 2022-இல் ஒரு நாளைக்கு 20 டன் வாயுவைப் பிடிக்கும் அமைப்பை நிறுவியது. அதை மெத்தனால் ஆக்குவது திட்டம். நல்ல ஆராய்ச்சி, நடக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நிலையம் முழு வேகத்தில் ஓடும்போது 20 டன் வாயுவை வெளியே விட எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் பதினைந்து விநாடி. நாள் முழுக்கப் பிடிப்பது பதினைந்து விநாடிப் புகையை. நாம் இன்று நிற்கும் இடம் இது.

நம் காலுக்குக் கீழே புதைக்கலாமா

சரி, நிறையப் பிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது? கரியமில வாயுவைச் சுமார் 800 மீட்டருக்குக் கீழே செலுத்தினால், அங்குள்ள அழுத்தத்தில் அது திரவம் போல் அடர்த்தியாகிவிடும். 800 மீட்டர் என்றால் 2,600 அடிக்கு மேல். அந்த ஆழத்தில் நுண்துளைகள் நிறைந்த மணற்பாறை வேண்டும். அதன் மேல் மூடி போட்டது போல வாயு புகாத களிமண் பாறை வேண்டும்.

நம் கடத்தூர்ப் பக்கம் எப்படி? போர்வெல் போட்டவர்களைக் கேளுங்கள். ஆயிரம் அடி இறக்கியும் புகை மட்டும் வந்த கதை எத்தனை வீட்டில் இருக்கிறது. நம் தருமபுரி, சேலம் பகுதி பூமியின் ஆழத்தில் உருவாகி இறுகிய பழைய கெட்டிப் பாறை. தண்ணீர்கூட வெடிப்புகளில்தான் நிற்கிறது. தண்ணீருக்கே இடம் தராத பாறை கோடிக்கணக்கான டன் வாயுவுக்கு இடம் தராது. ஐஸ்லாந்தில் கருமையான எரிமலைப் பாறைக்குள், தண்ணீரில் கரைத்த கரியமில வாயுவைச் செலுத்தினார்கள். இரண்டே ஆண்டில் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016-இல் ஆய்வு வெளியானது. "நம் ஊர்க் கருங்கல்லும் கறுப்புதானே சார்?" என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். கறுப்புதான் தம்பி, ஆனால் அது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட், துளை உள்ள கல். அந்த வகைப் பாறை நம் நாட்டில் மகாராஷ்டிரப் பக்கம் தக்காணத்தில் பரந்து கிடக்கிறது. நம்மிடம் இல்லை.

நம்மிடம் இருப்பது வேறொன்று. சேலம் போகும்போது வெள்ளைக்கல் மலையைப் பார்த்திருப்பீர்கள். மேக்னசைட் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்த வெள்ளைக்கல் என்ன தெரியுமா? இயற்கை கரியமில வாயுவைப் பிடித்துக் கல்லாக்கி வைத்தது. மக்னீசியம் நிறைந்த பாறையில் கரியமில வாயு கலந்த நீர் ஊறி ஊறி உண்டான கல். எடையில் பாதிக்கு மேல் அந்த வாயுதான். ஆக, புதைத்து வைப்பது இயற்கைக்குத் தெரிந்த வேலை. ஆனால் அது எடுத்துக்கொண்ட காலத்தை நம் நாட்காட்டியில் எண்ண முடியாது. நாமோ அந்தக் கல்லை வெட்டி எடுத்துச் சூளையில் போட்டு, சில மணி நேரத்தில் வாயுவை விடுவித்துவிடுகிறோம்.

டெல்டாக்காரர் சம்மதிப்பாரா

தமிழ்நாட்டில் படிவுப் பாறைகள் ஆழமாக இருப்பது காவிரிப் படுகையில். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கங்களும் அதை ஒட்டிய கடலும். எண்ணெயும் எரிவாயுவும் அங்கே கிடைப்பதும் அந்தப் பாறையால்தான். மேட்டூர்ப் புகையைப் புதைக்க வேண்டுமானால் அங்கேதான் கொண்டுபோக வேண்டும். மேட்டூரிலிருந்து நாகப்பட்டினம் கரைக்கு நேர்கோட்டிலேயே 200 கிலோமீட்டருக்கு மேல். அதுவரை குழாய் போட வேண்டும்.

குழாய் என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். கொச்சியிலிருந்து பெங்களூருவுக்குப் போகும் கெயில் எரிவாயுக் குழாய். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டங்களின் விளைநிலம் வழியே போகும் திட்டம். விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி 2013-இல் தமிழக அரசே தடுத்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குழாய்க்குச் சாதகமாக வந்தது. குழாய் யார் நிலத்தில் போகிறதோ அவருக்குத்தான் அதன் கனம் தெரியும். வீட்டில் மின்விசிறி ஓட அந்த விவசாயி ஏன் நிலம் தர வேண்டும் என்ற கேள்விக்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும்.

டெல்டாவிலோ நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள் 2017-இல் எவ்வளவு பெரிதாக நடந்தன என்று அறிவீர்கள். அதன் பிறகுதான் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து, டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவது தடுக்கப்பட்டது. "உள்ளிருந்து எடுக்க விடமாட்டோம்" என்று சொன்ன ஊரில் போய், "உள்ளே செலுத்திக்கொள்கிறோம்" என்று கேட்டால் என்ன பதில் வரும்? கடலுக்கடியில் புதைக்கலாம். அது முடியாத காரியம் இல்லை. நார்வே 1996 முதலே ஸ்லைப்னர் என்ற இடத்தில் கடலடிப் பாறையில் வாயுவைச் செலுத்தி வருகிறது. செலவுதான் அதற்கேற்ப ஏறும்.

பாதுகாப்பும் யோசிக்க வேண்டும். கரியமில வாயு தீப்பிடிக்காது. ஆனால் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் வண்டி எஞ்சின்களே நின்றுபோயின. நல்ல பராமரிப்பும் எச்சரிக்கை ஏற்பாடும் இருந்தால் இதைத் தடுக்கலாம். 'இருந்தால்' என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள்.

நாடு முழுக்கப் பார்த்தால் இடம் இருக்கிறது. நிதி ஆயோக் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், ஆழ்நில உப்புநீர்ப் பாறைகளிலும் பசால்ட் பாறைகளிலும் சேர்த்துப் பல நூறு கோடி... மன்னிக்கவும், பல ஆயிரம் கோடி டன் வைக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இது காகித மதிப்பீடு. துளை போட்டுச் சோதித்து, 'இந்த இடம் தாங்கும்' என்று சான்று தந்த கொள்ளளவு அல்ல. வணிக அளவில் புகையைப் பிடித்து நிரந்தரமாகப் புதைக்கும் நிலையம் இந்தியாவில் இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

பணக்கார நாடுகள் என்ன செய்தன

கனடாவில் பவுண்டரி டேம் என்ற நிலக்கரி நிலையத்தின் ஓர் அலகில் 2014-இல் தொடங்கினார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் பிடிப்போம் என்றார்கள், அந்த இலக்கை எட்டத் திணறினார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் பெட்ரா நோவா 2017-இல் தொடங்கியது. பிடித்த வாயுவைப் பழைய எண்ணெய் வயலுக்குள் செலுத்தி மிச்ச எண்ணெயை எடுத்து விற்றார்கள். 2020-இல் எண்ணெய் விலை விழுந்ததும் நிறுத்தினார்கள். 2023-இல்தான் மறுபடி ஓட்டினார்கள். அதாவது பிடிக்கும் இயந்திரம் கெட்டதால் அல்ல, வாங்க ஆள் இல்லாததால் நின்றது. நார்வேயில் ஸ்லைப்னர் தொடங்கக் காரணமே 1991-இல் அந்த அரசு போட்ட கார்பன் வரிதான். வெளியே விட்டால் வரி, புதைத்தால் வரி இல்லை.

நம் கதைக்கு வருவோம். ஒரு டன்னைப் பிடித்து, அழுத்தி, கொண்டுபோய்ப் புதைக்க 3,000 ரூபாய் என்று தாராளமாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 3 ரூபாய். நூற்றுக்குத் தொண்ணூறு பிடித்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 ரூபாய் 70 காசு கூடுதல். புதிய சோலார் நிலையங்களுக்கு நம் நாட்டில் ஏலத்தில் கேட்கப்படும் முழு விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். நிலக்கரிப் புகையைத் துடைக்கும் செலவில் புகையே இல்லாத மின்சாரம் கிடைக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம் தரும் மாநிலத்தில் அந்த 2 ரூபாய் 70 காசை யார் தலையில் வைப்பார்கள் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. அனல் மின் நிலையங்கள் விடும் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இரண்டு ஆண்டில் கருவி பொருத்தச் சொன்னார்கள். அவகாசம் நீண்டுகொண்டே போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டார்கள். கரியமில வாயுவைப் பிடிப்பதைவிட அது எளிது, மலிவு. அதோடு, புகையில் கந்தகம் இருந்தால் அமீன் கரைசல் கெட்டுப்போகும். கந்தகத்தை முதலில் நீக்கினால்தான் கரியமில வாயுவையே பிடிக்க முடியும். முதல் படியைக் கட்டாமலேயே மூன்றாம் மாடியில் குடியேறலாம் என்று நம்பினால் எப்படி?

அப்படியானால் வேண்டவே வேண்டாமா

அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தத் தொழில்நுட்பம் தேவைப்படும் இடங்கள் உண்டு. சிமெண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வரும். உலையைச் சோலாரில் சூடாக்கினாலும் வரும். சிமெண்ட் ஆலையின் வாயுவில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான். அங்கே பிடித்துப் புதைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இன்றைக்கு இல்லை. நார்வேயின் பிரேவிக் சிமெண்ட் ஆலை 2025 ஜூனில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பைத் திறந்தது. வாயுவைக் கப்பலில் ஏற்றிப் போய்க் கடலடியில் புதைக்கிறார்கள். நம் அரியலூரில் டால்மியா சிமெண்ட் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டத்தை 2019-இல் அறிவித்தது. அறிவிப்பு வந்த வேகத்தில் ஆலை வரவில்லை. வர வேண்டும் என்பது என் ஆசை. டாடா ஸ்டீல் ஜாம்ஷெட்பூர் ஆலையில் 2021-இல் நாளுக்கு 5 டன் பிடிக்கும் சோதனை அமைப்பு தொடங்கியது. இரும்பும் அப்படிக் கடினமான துறைதான்.

நம்மிடம் இருக்கும் புதைகுழி சிறியது, விலை கூடியது, பலர் சம்மதத்தோடு கிடைக்க வேண்டியது. அதை வேறு வழியே இல்லாத சிமெண்ட்டுக்கும் இரும்புக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். மாற்று வழி இருக்கும் மின்சாரத்துக்கு அதை நம்பி உட்காரக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

"இந்தியர் ஒருவர் வெளியிடுவது அமெரிக்கர் வெளியிடுவதில் ஆறில் ஒன்றுதானே, நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயத்தின்படி அவர்கள்தான் அதிகம் செய்ய வேண்டும், நமக்குப் பணமும் தர வேண்டும். ஆனால் மழை பொய்த்தால் நியாயம் பார்த்துப் பொய்க்காது. நம் மா விவசாயிக்கும் ஏரிக்கும்தான் முதல் அடி.

நம் மொட்டை மாடிக்கு வருகிறேன். நம் 48 வீடுகளில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்று வைத்தால், அதில் முக்கால் பங்கு நிலக்கரி என்று கணக்கிட்டால், ஆண்டுக்குச் சுமார் 86 டன் வாயு நம் பெயரில் போகிறது. மாடியில் 20 கிலோவாட் தகடு போட்டால், ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் வீதம் ஆண்டுக்கு 29,000 யூனிட் வரும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில் அடங்கும். 20 டன்னுக்கு மேல் வாயு உண்டாகாமலே போகும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. 20 கிலோவாட்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். மீதியைச் சங்கம் போட வேண்டும். அது உண்மையான செலவு, மறைக்கவில்லை. இரவில் நமக்கு மேட்டூர் தேவைப்படும், அதையும் மறைக்கவில்லை. ஆனால் உண்டாகாத வாயுவைப் பிடிக்க வேண்டாம், குழாயில் அனுப்ப வேண்டாம், யார் வயலுக்கடியிலும் புதைக்க வேண்டாம்.



கேள்வி நேரம்

கே: மரம் நட்டால் போதாதா ஐயா?

ப: நட வேண்டும், நிழலுக்கும் மழைநீருக்கும் கட்டாயம் நட வேண்டும். ஆனால் ஒரு வளர்ந்த மரம் ஆண்டுக்கு 20 கிலோ இழுக்கிறது என்று வைத்தால், நம் 86 டன்னுக்கு 4,300 மரம் வேண்டும். நம் வளாகத்தில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மரம் வெட்டப்பட்டாலும் எரிந்தாலும் வாயு திரும்பிவிடும்.

கே: இன்னும் பத்து ஆண்டில் தொழில்நுட்பம் மலிவாகிவிட்டால்?

ப: ஆனால் மகிழ்ச்சி. தூத்துக்குடி இளைஞர்கள் செய்தது போலச் செலவு குறையத்தான் செய்யும். ஆனால் பாறையும் நிலமும் சம்மதமும் ஆய்வகத்தில் மலிவாவதில்லை. அதுவரை வெளியேறும் வாயு காத்திருக்கவும் செய்யாது.

கே: தகடு போட்டால் மாடியில் துணி காயப்போட இடம் இருக்குமா?

ப: (சிரிப்பு) தகடுகளைத் தலைக்கு மேல் உயரத்தில் சட்டம் அடித்துப் போட்டால் கீழே காயப்போடலாம் அம்மா. சட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் செலவாகும். மதிப்பீடு வாங்கும்போது அதையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன்.

(மொட்டை மாடி சோலார் அமைப்பது குறித்த வாக்கெடுப்பு அடுத்த பொதுக்குழுவில் நடைபெறும். உறுப்பினர்கள் தங்கள் கடைசி ஆறு மின்கட்டண ரசீதுகளின் நகலைச் செயலாளரிடம் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். – ஆசிரியர் குழு)